உப்பு நிலத்துக்கு நீ கேட்ட கையெழுத்து

எட்வினுக்கு,

நீ கேட்ட கையெழுத்து இந்த உறைக்குள் இல்லை. உதறிப் பார்க்காதே. நீ அனுப்பிய காகிதங்களைப் படித்துவிட்டு அப்படியே மடித்துத் திருப்பி வைத்திருக்கிறேன். பாலாற்றங்கரையில் என் பெயரில் இருக்கும் நிலத்தை உன் விதைக் கம்பெனிக்குச் சோதனை வயலாகக் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலும் விளையும்படி மரபணுவை மாற்றிய நெல்லை அங்கே நட்டுப் பார்ப்பீர்கள். அது விளைந்தால் உலகத்தின் பசி தீரும். இவ்வளவுதானே விஷயம்? வேலைக்குப் போன காலமெல்லாம் பெண்பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். உலகம் எவ்வளவு பெரியது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உன் மேலதிகாரிக்கும் இதைப் படித்துக் காட்டு. ஒரு நகலைச் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஆயர் போடுவாரா மாட்டாரா, அது அவர் தைரியத்தைப் பொறுத்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவுக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். உன் மரபணுவைக் கண்டு எனக்குப் பயமில்லை. தினமும் காலையில் வயிற்றில் குத்திக்கொள்கிறேனே இன்சுலின், அது மரபணுவை மாற்றிய கிருமியின் வயிற்றில் உண்டானது என்று நீதான் எனக்குச் சொன்னாய். சொன்ன மறுநாளும் குத்திக்கொண்டுதான் இட்லி தின்றேன். பயப்படுகிறவர்களும் போன வருஷம் ஒரு வேன் நிறைய இங்கே வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, இந்தப் பயிரைத் தின்றால் மாடு செத்துவிடும், பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று மைக்கில் கத்தினார்கள். நான் எழுந்து, இந்த ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்டேன். "அது வேற இஷ்யூ மேடம்" என்றது ஜிப்பா போட்ட ஒரு பையன். மத்தியானம் ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டார்கள். எச்சில் தட்டுகளை நம் கால்வாயில் போட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஆகவே அவர்கள் கட்சியில் என்னைச் சேர்க்காதே. நான் யார் கட்சியும் இல்லை. உங்கள் இரண்டு பேரையுமே எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. நீயும் வந்திருந்தாய். உனக்குத் தெரிந்ததுதான், உன் மேலதிகாரிக்காக விளக்குகிறேன். நிலத்தில் விளைந்ததன் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே வைத்து ஏலம் விடுவோம். இப்போது சபையில் பாதிப் பேருக்கு நிலத்தில் ஒன்றும் விளைவதில்லை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. அதற்காகப் பண்டிகையை விட்டுவிட முடியுமா? சனிக்கிழமை சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் போய் முட்டைகோஸும் கேரட்டும் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஊட்டியில் விளைந்த கேரட்டை எங்கள் நிலத்தின் பலன் என்று ஆண்டவர் முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஆண்டவருக்குப் பூகோளம் தெரியாது என்று நினைப்பு. ஏலம் அதற்கு மேல். ஒருவர் பூசணிக்காயை ஏலத்தில் எடுப்பார், காசைக் கட்டுவார், கைதட்டு வாங்குவார், காயைத் திரும்ப மேஜைமேலேயே வைத்துவிடுவார். அதையே இன்னொருவர் எடுப்பார், அவரும் வைத்துவிடுவார். சாயங்காலம் வரை பூசணிக்காய் அங்கேயே இருக்கும். பெருமை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும், காய் யார் வீட்டுக் குழம்பிலும் விழாது. உலகப் பசியைப் பற்றி நீங்கள் பெரிய ஓட்டல்களில் கூட்டம் போடுவதாகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூசணிக்காய்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அன்றைக்கு உன் கம்பெனியின் பெரிய மனிதரை ஹைதராபாத்திலிருந்து கூட்டி வந்திருந்தாய். அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். வீட்டில் நான் கொடுத்த காப்பியை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உன்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டு, அப்படியே வைத்துவிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கொண்டுவந்த பளபளப்பான புத்தகத்தில் முதல் பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கப் பிள்ளை, விலா எலும்பு தெரிய, காலிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு நீ கோயிலில் ஏறிப் பேசினாய். உன் நெல்லின் கதிர்க் கட்டு ஒன்றை, கம்பெனியின் கண்ணாடி வீட்டில் வளர்ந்ததை, உன் கையாலேயே பீடத்தருகே வைத்தாய். கோடிக்கணக்கான பேர் பட்டினியாகப் படுக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பை ஆண்டவர் நம் கையில் கொடுத்திருக்கிறார் என்று தொண்டை அடைக்கச் சொன்னாய். சபை அழுதது. நான் உன் அம்மா, உன் தொண்டை எப்போது தானாக அடைக்கும், எப்போது நீ அடைக்க வைப்பாய் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கூசிப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உன் பேச்சை எல்லாரையும்விட அதிகமாக ரசித்தவர் துரைராஜ். நம் கால்வாயில் கழிவை விடுகிற, தோல் பதனிடும் ஷாப்பின் ஜெனரல் மேனேஜர், சபைக் கமிட்டியின் பொருளாளர், ஒவ்வொரு பண்டிகைக்கும் ஷாமியானா செலவு அவருடையது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா டீச்சர், புள்ளைய நல்லா பெத்துட்டீங்க. இனிமே நம்ம தண்ணி சரியில்ல, தண்ணி சரியில்லன்னு எவனும் பேஜார் பண்ண முடியாது. தண்ணிக்கு ஏத்த நெல்லே வந்துடுச்சு பாருங்க" என்றார். மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிற அளவுக்கு அவருக்குச் சந்தோஷம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோதுதான் உன் விஞ்ஞானம் எனக்கு முழுதாகப் புரிந்தது. நீ இவ்வளவு படித்தும் உனக்கு அது புரியாமல் இருக்குமா? புரிந்திருந்தால் நீ அயோக்கியன், புரியாமல் இருந்தால் மடையன். இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாமல் பல நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏலத்தில் உன் கதிர்க் கட்டு வந்தபோது நீ வெளியே பெரிய மனிதரோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய். துரைராஜ் விலையைக் கேட்டார். அவருக்கு எதிராகக் கையைத் தூக்கியவர் உன் சித்தப்பா. உன் அப்பாவின் தம்பி தாவீது, இந்தச் சபையில் இன்னும் ஏர் ஓட்டுகிற மிச்சம் சொச்சத்தில் ஒருவர். அவர் கை தூக்கியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைராஜ் கொஞ்ச நேரம் ஏற்றிக்கொண்டே போய் விளையாடிவிட்டு, "சரி, உனக்கே வுட்டுட்டேன் தாவீது. எங்க தண்ணியிலயே போட்டுப் பாரு" என்றார். கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். அண்ணன் மகன் கண்டுபிடித்த நெல், அதை வேற்றாள் எடுத்துப் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.

இங்கேதான் நீ கோட்டை விட்டாய். பூசணிக்காயைத் திருப்பி வைக்கலாம், முதற்கதிர்க் கட்டை மட்டும் திருப்பி வைக்க மாட்டார்கள். அதை எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கசக்கி, அடுத்த பட்டத்துக்கு வைத்திருக்கும் விதைநெல்லோடு கலந்துவிடுவார். பீடத்தருகே இருந்த நெல் விதையோடு சேர்ந்தால் வெள்ளாமை நன்றாக வரும் என்று நம் சபையில் வழிவழியாகச் செய்கிறார்கள். சின்னப் பிள்ளையில் நீயே சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து அந்தக் கதிரைக் கசக்கியிருக்கிறாய். உள்ளங்கை சிவந்துபோய் வந்து காட்டினாய். உலகத்தின் பசி தலைக்குள் ஏறியதும் இது வெளியே விழுந்துவிட்டது. கம்பெனியைத் தாண்டி ஒரு மணிகூடப் போகக் கூடாத நெல்லை, அடுத்த விதைப்பில் கலக்கப்போகிறவர்கள் கையில் ஏலம் போட வைத்துவிட்டுப் போட்டோவுக்குப் போஸ் கொடுத்தாய். இவன்தான் நாடு நாடாகப் போய் வயலுக்குக் காவல் இருக்கப் போகிறான்!

அந்த வாரத்திலேயே திரும்பி வந்தாய். கதிர்க் கட்டு எங்கே என்று பெரிய மனிதர் கேட்டிருக்கிறார். வந்தவன் வீட்டுக்கு வரவில்லை, ஜீப்பில் இரண்டு ஆட்களோடு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாய். சித்தி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, "அக்கா, தம்பி வந்து இன்னான்னவோ சொல்லுது, நீங்க வாங்க" என்றாள். ஆட்டோ பிடித்து வந்தேன். முற்றத்தில் நீ ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தாய். எந்த ஊரில் சித்தப்பா வீட்டுக்குக் கையுறை போட்டுக்கொண்டு போவார்கள்? கதிரைக் கசக்கி விதை மூட்டையில் கலந்தாகிவிட்டது. எது அவர் நெல், எது உன் நெல் என்று யாராலும் பிரிக்க முடியாது. கலவை ஊர்ப் பக்கம் போய் நல்ல விதையாகப் பார்த்து வாங்கி வந்து, சித்திரையில் விதைக்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மூட்டை அது. அவர் கிணறுகளில் ஒன்று இன்னும் முழுதாக உப்பாகவில்லை, அதை நம்பித்தான் வாங்கினார். மூட்டை முழுவதையும் எரிக்க வேண்டும் என்றாய்.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து ஆட்களோடு வந்திருந்தாய். அவர் என்ன செய்தார்? "தெரியாம பண்ட்டேன் தம்பி. இதனால உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, எரித்துவிட்டால் சரியாகிவிடும் என்றாய். மூட்டையை அவரே தூக்கி வந்து முற்றத்தில் கொட்டினார். உன்னிடம் தீப்பெட்டிகூட இல்லை. சித்தி அடுப்படியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். நீ கொளுத்தினாய். நெல் சட்டென்று பிடிக்காது, புகைந்துகொண்டே இருந்தது. கண் எரிகிறது என்று ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். போகிறபோது உன் கம்பெனியின் வீரிய விதைப் பாக்கெட்டுகளை அவர் கையில் கொடுத்து, "இதுல விளையறத எடுத்து வச்சு அடுத்த வாட்டி விதைக்க முடியாது சித்தப்பா, புதுசா வாங்கணும்" என்றாய். அவர் பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோடிப் பேருக்குச் சோறு போட ஆண்டவர் கொடுத்த கையால் ஒரு குடியானவனின் விதைநெல்லைக் கொளுத்தினாய் நீ. சட்டம் அப்படி என்றாய். சட்டம் சரிதான். சோதனையில் இருக்கிற விதை வெளியே பரவக் கூடாது, அது எனக்கும் தெரியும். பண்டிகையில் கைதட்டு வாங்கும்போது அந்தச் சட்டத்தை எங்கே வைத்திருந்தாய்? தப்பு உன்னுடையது, எரிந்தது அவருடையது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை.

உனக்குப் பசியைத் தெரியாது என்று சொல்லமாட்டேன். சுமதியை ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளின் தொடக்கம், நீ சின்னப் பையன். என் வகுப்பில் படித்த பெண். அவள் அப்பா தோல் ஷாப்பில் கூலி, சரக்கு வராத வாரம் வேலை இல்லை, வேலை இல்லாத வாரம் அடுப்பு இல்லை. திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் அந்தப் பெண் மயங்கி விழுந்துவிடுவாள். சனி, ஞாயிறு சத்துணவு கிடையாது, அதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநாள் ஆனது. அரிசி இல்லாமல் இல்லை. அதே தெருக்கோடியில் அரசாங்கக் கிடங்கு, உள்ளே மூட்டை மூட்டையாகப் புழுத்துக்கொண்டிருந்தது, எலிகள் கொழுகொழுவென்று திரிந்தன. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினபோது, "ஞாயித்துக்கிழமை நம்ம வூட்டுக்கு வரச் சொல்லும்மா" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் பள்ளி முடிக்கிற வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நம் வீட்டில் சாப்பிட்டாள். கறித்துண்டு அவளுக்கு ஜாஸ்தி, உனக்குக் கம்மி என்று நீ சண்டை பிடித்ததும் உண்டு, அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு உனக்கு உலகத்தைத் தெரியாது, சுமதியைத் தெரியும். இப்போது நீ போகிற கூட்டங்களில் யாராவது சுமதியைப் பற்றிப் பேசுகிறார்களா? பேசமாட்டார்கள். பட்டினி கிடப்பவனிடம் வேலை இருக்கிறதா, கூலி வந்ததா, கிடங்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் யார் மேலாவது கையை நீட்ட வேண்டி வரும். நெல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் கோபம் வராது. நெல் எதிர்த்துப் பேசாது.

இனி நிலத்துக்கு வருகிறேன். அந்த நிலம் பிறக்கும்போதே உப்பு நிலமா? உன் காகிதத்தில் "உவர் பாதித்த நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மை பாதித்த குழந்தை என்கிற மாதிரி, தானாக வந்த நோயாம். நீ அந்த வரப்பில் விழுந்து எழுந்து வளர்ந்தவன். கரும்பு நின்ற நிலம். ஆற்றில் நுரை மிதந்துவந்த வருஷங்களும் உனக்குத் தெரியும். மழை வந்தால் தோல் ஷாப்பில் கொண்டாட்டம் என்று உன் அப்பாவே சொல்வார், அவர் அங்கே சூப்பர்வைசர். "மழத் தண்ணியோட தண்ணியா போய்டும்னு தொறந்து வுட்டுட்றாங்க. கேட்டா, எல்லா ஷாப்பும் வுடுது, நாம வுட்டா இன்னான்றாங்க" என்பார். தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பும் ரசாயனமும் அப்படித்தான் கால்வாயில் வந்து, வயலில் இறங்கி, கிணற்றில் ஏறியது. கரும்பு போனது, நெல் போனது, கடைசியில் தென்னை மொட்டையானது. சாவதற்கு முன் தன் பங்கை என் பெயரில் எழுதிவைத்தார் உன் அப்பா. அப்போதே அதில் கோரைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

இதற்குத்தான் ஊர்க்காரர்கள் தோல் ஷாப் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கழிவை நிறுத்த வேண்டும், கெட்டுப்போன நிலத்துக்கு ஈடு தர வேண்டும் என்று. வழக்கில் முதல் பெயர் உன் சித்தப்பா. ஊரில் பலர் பயந்து ஒதுங்கியபோது, "எம் பேரப் போடுங்க" என்றவர் அவர்தான். விசாரணை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து உன் கம்பெனிக்கு எங்கள் நிலம் வேண்டியிருக்கிறது. அதுவும் கால்வாயை ஒட்டி இருக்கிற என் நிலமே வேண்டும். தண்ணீரைத் தோல் ஷாப்பே குழாய் போட்டுத் தரும், செலவு முழுவதும் அவர்களுடையது என்று உன் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. சின்ன எழுத்தைப் படிப்பதற்குத்தானே கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய். அங்கே பச்சையாக நெல் நிற்கும், அதன் பக்கத்தில் துரைராஜ் நிற்பார், அதைப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ ஆப்பிரிக்காவுக்கா போகும்? வக்கீலின் பைக்குள் போகும். "பாருங்கள், இவர்கள் செத்துப்போனது என்று சொல்லும் நிலத்தில் இதோ பயிர்" என்று நீதிபதியின் மேஜையில் வைப்பார்கள். உன் சித்தப்பாவின் வழக்கு அன்றோடு முடிந்தது. கழிவுக்கு ஏற்ற நெல் இருக்கும்போது கழிவை எவன் நிறுத்துவான்?

போனில் இதைச் சொன்னபோது, "மா, நீ சின்னதா யோசிக்கிறே. இது ஒரு ஊரு பிரச்சினை இல்ல, குளோபல்" என்றாய். ஒரு ஊரின் தலையில் ஏறி நின்றால்தான் உலகம் தெரியும் என்றால் அந்த உயரம் எனக்கு வேண்டாம். பெரிதாக யோசிப்பது ரொம்பச் சுலபம், எட்வின். உலகத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவனை யாரும் கணக்குக் கேட்க முடியாது. உலகம் வந்து கதவைத் தட்டி என் சோறு எங்கே என்று கேட்காது. சித்தப்பா வீட்டு முற்றத்துக்குப் பொறுப்பேற்றால் நாளைக் காலையிலேயே கேள்வி வரும். நீ புத்திசாலி, கேள்வி வராத பொறுப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டாய். உன் வயதில் படித்த பிள்ளைகள் பலருக்கும் இந்தச் சாமர்த்தியம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, மனித குலத்தின் மேல் மட்டும் உருகி வழிகிறார்கள்.

உன் நெல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்ததே, நாகப்பட்டினம் பக்கம் எத்தனை வயல் உப்பாய்ப்போனது. அந்தக் கடலை எந்த மேனேஜரும் திறந்துவிடவில்லை. அங்கே கொண்டுபோ. ஜனங்களிடம் உட்கார்ந்து சொல்லிப் புரியவைத்து, காவல் போட்டு, ஒழுங்காகச் செய்து பார். விளைந்தால் உன் அம்மாவே முதல் ஆளாக வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறேன். நீ ராவும் பகலும் உழைத்து உண்டாக்கியது என்று எனக்குத் தெரியும். உன் மூளையை நான் பழிக்கவில்லை. அதைக் கொண்டுபோய் யார் காலடியில் வைத்தாய் என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம். விஷம் வைத்துக்கொண்டே இருக்கிறவனிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த விஷம் தாங்குகிற மாதிரி நோயாளியைப் பழக்குகிறேன் என்று சொல்கிறவனை வைத்தியன் என்று யாராவது சொல்வார்களா?

நான் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன, எனக்கப்புறம் நிலம் உனக்குத்தானே வரும், அது வரைக்கும் பொறுத்திருக்கலாம் என்று நீ நினைத்திருப்பாய். நீ நினைக்காவிட்டாலும் துரைராஜ் நினைத்திருப்பார். அதற்காகத்தான் நேற்று சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். நிலத்தை அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். "இன்னாத்துக்கு அண்ணி இது, தம்பிக்குன்னு இருக்கட்டும், ஒரே புள்ள" என்று பஸ்ஸில் வழிநெடுகச் சண்டை. உங்கள் அண்ணன் இருந்தாலும் இதைத்தான் செய்வார் என்று பொய் சொன்னேன். அவர் செய்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கைரேகை வைத்த விரலைச் சித்தப்பா வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து டீ குடித்தோம். "தம்பி கோச்சுக்கப் போவுது" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிமேல் அந்த நிலம் வேண்டுமென்றால் நீ அவரிடம்தான் கேட்க வேண்டும். கொடுக்காதே என்று நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் காகிதத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஜீப் இல்லாமல், ஆட்கள் இல்லாமல் போ. குழாய் யார் போடுகிறார்கள், போட்டோ எங்கே போகும், வழக்கு என்ன ஆகும், எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் நிலத்தைக் கேள்.

நீ கேட்டால் அவர் கொடுத்துவிடுவார், எட்வின். அது உனக்கும் தெரியும்.

அம்மா